இலவசப் பக்கத்துக்கு உழைப்பவர்கள்



திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முட்டுக்காடு உப்பங்கழியைப் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருந்ததாம். தேடினால் ஆய்வுக் கட்டுரைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒன்றைத் திறந்தால் சுருக்கம் மட்டும் தெரிகிறது. முழுவதும் படிக்க முப்பது, நாற்பது டாலர் கட்டச் சொல்கிறது. “நம்ம ஊர்த் தண்ணிய அளந்து எழுதினதை நாம படிக்க மூவாயிரம் ரூபாயா, அம்மா?” என்று கேட்டிருக்கிறார். அடுத்த வரியில் இன்னொரு கேள்வி: “சில கட்டுரை மட்டும் காசில்லாமலே திறக்குதே, அதையெல்லாம் யார் போடறாங்க?”

இரண்டாவது கேள்விதான் இந்த மாதம் முழுக்க என்னோடு இருந்தது. அதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இந்தப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன். முதல் கேள்வியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

ஆய்விதழ் என்பது 1665-இல் பாரிசிலும் லண்டனிலும் பிறந்த ஏற்பாடு. கண்டுபிடித்ததை எழுதி அனுப்புவார்கள், அந்தத் துறையை அறிந்த வேறு சிலர் படித்துச் சரிபார்ப்பார்கள், பிறகு அச்சிடுவார்கள் என்ற முறை போகப் போக உறுதிப்பட்டது. எழுதுபவருக்குச் சன்மானம் கிடையாது. சரிபார்ப்பவருக்கும் பெரும்பாலும் கிடையாது. ஆய்வுக்கான பணம் பல சமயம் அரசின் பணம், அதாவது நம் வரிப்பணம். ஆனாலும் அச்சிட்டு விற்கும் உரிமை பதிப்பகத்திடம் போனதால், கட்டுரையைப் படிக்க நூலகம் சந்தா கட்ட வேண்டும். சந்தா ஏறிக்கொண்டே போனதில் நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பெரிய உதவிதான். ஆனால் கோவளத்து மீனவரோ, படூரில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியரோ, தனியார் கல்லூரியில் படிக்கும் நம் மாணவியோ அந்தத் திட்டத்தின் கதவு வழியாக உள்ளே போக முடியாது.

எல்லோருக்கும் திறக்கிற கதவு வேறு. அதற்குத் ‘திறந்த அணுக்கம்’ என்று பெயர். 2002 பிப்ரவரி 14 அன்று புடாபெஸ்ட் அறிக்கை வெளியானபோது அந்தக் கோரிக்கைக்கு ஒரு தெளிவான வடிவம் கிடைத்தது: ஆய்வுக் கட்டுரையை உலகில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இந்தியாவில் இதற்காக இடைவிடாமல் குரல் கொடுத்தவர்களில் முன்னால் நிற்பவர் ஒரு தமிழர், சுப்பையா அருணாசலம். சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபடி, ஏழை நாட்டு விஞ்ஞானி படிக்கவும் முடியாமல், எழுதியது பிறர் கண்ணில் படவும் முடியாமல் இரண்டு பக்கமும் இழக்கிறார் என்பதை விடாமல் எடுத்துச் சொன்னவர்.

படிக்கக் கட்டணம் இல்லை என்றால் செலவை யார் ஏற்பது? பெரிய பதிப்பகங்கள் அதை எழுதுபவரிடம் வாங்குகின்றன. ‘நேச்சர்’ இதழ் 2020-இல் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று அறிவித்தது. அன்றைய மதிப்பில் எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். இந்தியப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டு வாங்கும் உதவித்தொகை அதற்குப் பக்கத்தில்தான் வரும். படிப்பவருக்குத் திறந்த கதவு எழுதுபவருக்கு அடைபட்டுப் போகிறது.

படிப்பவரிடமும் வாங்காமல், எழுதுபவரையும் கட்டச் சொல்லாமல் நடக்கும் ஆய்விதழ்களும் இருக்கின்றன. மாணவியின் இரண்டாவது கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. அப்படி ஒன்று நம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது.

சாலி வாக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி யோகா படிக்க மைசூருக்கு வந்தார். அங்கிருந்த மிருகக்காட்சி சாலையின் புலிகளிடம் மனத்தைக் கொடுத்துவிட்டு இந்த நாட்டிலேயே தங்கிவிட்டார். 1985-இல் அவர் தொடங்கிய ‘ஜூ அவுட்ரீச்’ அமைப்பு பிறகு கோவைக்கு வந்தது. அவர்கள் நடத்திய ‘ஜூஸ் பிரிண்ட்’ என்ற மாத இதழில் ஆய்வுக் கட்டுரைகளுக்கென்று இருந்த பகுதி தனி ஆய்விதழாக வளர்ந்தது. 2009 முதல் அது ‘ஜர்னல் ஆஃப் திரெட்டன்ட் டாக்ஸா’ என்ற பெயரில் வருகிறது. அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களைப் பற்றிய ஆய்விதழ். நிறுவி, தலைமை ஆசிரியராக இருந்து நடத்துபவர் சஞ்சய் மோலூர். சாலி வாக்கர் 2019-இல் மறைந்தார். இதழ் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு இதழும் மாதத்தின் 26-ஆம் தேதியைத் தாங்கி வரும். மாத இதழ் நடத்துகிறவள் என்பதால் அந்தத் தேதியின் கனம் எனக்குத் தெரியும். தேதி தவறாமல் நிற்க எத்தனை பேர் எத்தனை இரவு விழித்திருப்பார்கள் என்பதும் தெரியும்.

இப்படியோர் ஆய்விதழுக்குள் ஒரு கட்டுரை எப்படிப் பயணம் போகிறது என்று பார்ப்போம். நம் மாவட்டத்துப் பாறைக்குன்று ஒன்றில் இதுவரை யாரும் பெயர் வைக்காத தவளை ஒன்றை ஓர் ஆய்வாளர் கண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதி அனுப்புகிறார். முதலில் அதைத் திறப்பவர் இதழ் அலுவலகத்தில் இருப்பவர். படங்கள் தெளிவாக இருக்கின்றனவா, அட்டவணையில் கூட்டினால் கூட்டுத்தொகை வருகிறதா, வேறு கட்டுரையிலிருந்து வரிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். வனத்துறை அனுமதி இருக்கிறதா, மாதிரி உயிரி எந்த அருங்காட்சியகத்தில் எந்த எண்ணில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பார். அந்த மாதிரி பத்திரமாக இருந்தால்தான் நூறு வருடம் கழித்து இன்னொருவர் எடுத்துப் பார்த்து, ‘இது அதுதான்’ என்றோ ‘அது இல்லை’ என்றோ சொல்ல முடியும்.

பிறகு கட்டுரை அந்தத் துறை ஆசிரியரிடம் போகிறது. அவர் எங்கோ ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு இதைத் திறக்கிறார். அவருடைய முதல் வேலை, சரிபார்க்கத் தகுந்த இரண்டு பேரைத் தேடிப் பிடிப்பது. பின்னணி வேலைகளில் ஆளைச் சோர வைப்பது இதுதான் என்று இந்தத் துறைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒருவருக்கு எழுதினால் பதில் வராது. இன்னொருவர் களப்பணியில் இருப்பார். மூன்றாமவர் ஒத்துக்கொண்டு மறந்துவிடுவார். அவருக்கு நயமாக நினைவூட்ட வேண்டும். நாலாமவரும் ஐந்தாமவரும் ஒத்துக்கொண்டு, சொன்ன நாளுக்குள் அனுப்பினால் அன்று ஆசிரியருக்குத் திருநாள்.

சரிபார்ப்பவர் செய்யும் வேலையை நினைத்துப் பாருங்கள். தம் பெயர் வெளியில் தெரியாது, காசு கிடையாது. ஆனாலும் தவளையின் கால்விரல் சவ்வு எத்தனை கணு வரை போகிறது என்ற அளவைப் பழைய நூல்களோடு ஒப்பிட்டு, நாலு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்புகிறார். “மூன்று தவளையை மட்டும் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வர முடியாது, அடுத்த மழைக்காலத்தில் மறுபடி போய்ப் பாருங்கள்” என்று எழுதுகிறார். அதைப் படிக்கும் இளம் ஆய்வாளருக்கு நெஞ்சு அடைத்துப் போகும். அங்கேதான் ஆசிரியரின் மனப்பக்குவம் தெரியும். கண்டிப்பான அந்தக் குறிப்பைக் குறைக்காமல், ஆனால் எழுதியவர் மனம் உடைந்து பேனாவை மூடிவிடாமல் ஒரு கடிதம் எழுதி இணைப்பார். அந்தக் கடிதத்தால் துறையிலேயே தங்கியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பொறுப்பும் ஆசிரியர் தலையில் இருக்கிறது. கட்டுரை திறந்த கட்டுரை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உயிரினம் பிடித்து விற்பவரும் படிக்கலாம். அழகான சிலந்தி, ஆமை, மலர்ச்செடி என்றால் அது கிடைத்த இடத்தைத் துல்லியமாக வரைபடத்தில் போடுவதா, மாவட்டப் பெயரோடு நிறுத்துவதா? அறிவியலுக்கு இடம் தேவை. உயிருக்கு மறைவு தேவை. ஒவ்வொரு கட்டுரைக்கும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கிறார்கள்.

திருத்தி வந்த கட்டுரை நடை திருத்தத்துக்குப் போகும். நம் ஊர்களின் இளம் ஆய்வாளர்கள் பலர் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறித்தான் எழுதுவார்கள். நல்ல கண்டுபிடிப்பு மோசமான வாக்கியத்துக்குள் கிடந்து வீணாகக் கூடாது என்று, கோவை இதழுக்குப் புனே, சென்னை, டொரொன்டோ ஆகிய ஊர்களிலிருந்து சிலர் ஆங்கிலம் திருத்திக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அப்புறம் பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, கட்டுரைக்கு நிரந்தர அடையாள எண். புதிய விலங்கினத்தைப் பற்றி இணையத்தில் வெளிவரும் கட்டுரை என்றால் ‘ஜூபேங்க்’ பதிவேட்டில் அதைப் பதிய வேண்டும். 2012 வரை, இணையத்தில் மட்டும் வெளியான விலங்குப் பெயர் விதிப்படி செல்லாமல் இருந்தது. வழக்கமாகத் தாளில் அச்சிட வேண்டியிருந்தது. அந்த விதி மாறியதால், அச்சுச் செலவைத் தாங்க முடியாத சிறிய இதழ்களாலும் உயிர்களுக்குப் பெயர் சூட்ட முடிகிறது.

கோவை இதழின் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதல் பக்கத்திலேயே, அது எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் ஏற்கப்பட்டது, பொறுப்பேற்ற ஆசிரியர் யார் என்று போட்டிருக்கும். அடுத்த முறை படிக்கும்போது அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே உள்ள மாதங்களைக் கவனியுங்கள். நான் மேலே சொன்ன அத்தனை பேரின் மாலைநேரமும் அந்த இடைவெளியில்தான் போயிருக்கிறது. சரிபார்த்தவர்களின் பட்டியல் நீளமாகி அச்சில் இடம் போதாமல், இணையத்தில் தனியாக வெளியிடுகிறார்கள். சில கட்டுரைகளில் ஆய்வுச் சுருக்கம் அந்தந்த வட்டார மொழியிலும் இருக்கும். காட்டை ஒட்டி வாழ்கிறவர்கள் தம் காட்டைப் பற்றி எழுதியதைத் தம் மொழியில் படிக்க அது ஒரு வாசல்.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். படூரிலிருந்து கேளம்பாக்கம் போய், கோவளம் சாலையில் உப்பங்கழியைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி முதலைப் பண்ணை. பள்ளிச் சுற்றுலாவில் நாம் எல்லோரும் பார்த்த இடம். ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் 1976-இல் தொடங்கியது. அதே ஆண்டில் ‘ஹமட்ரையட்’ என்ற சிறிய செய்திமடலும் தொடங்கியது. ராஜநாகத்தின் பழைய ஆங்கிலப் பெயர் அது. பாம்பு, பல்லி, ஆமை, முதலை, தவளை பற்றிக் களத்தில் கண்டதை ஓரிரு பக்கத்தில் எழுதிப் பகிர்ந்துகொள்ளும் மடலாக இருந்து, காலப்போக்கில் உலகம் மதிக்கும் ஆய்விதழாக ஆனது. அதைப் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து வளர்த்தவர்களில் ஒருவர் இந்திரனீல் தாஸ்.

அந்த மடலில் 1982-இல் ஒரு சிறு குறிப்பு வந்தது. எழுதியவர் ஜே. விஜயா. கல்லூரியில் படிக்கும்போதே சென்னைப் பாம்புப் பண்ணைக்கு வந்து சேர்ந்த பெண். ஊர்வன ஆய்வில் இந்தியாவின் முதல் பெண் என்று இன்று போற்றப்படுகிறவர். 1912-இல் விவரிக்கப்பட்ட பிறகு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக அறிவியல் உலகின் கண்ணில் படாதிருந்த ஒரு சிறிய காட்டு ஆமையை, கேரளக் காட்டில் காடர் மக்களின் துணையோடு தேடிக் கண்டுபிடித்ததைப் பற்றிய குறிப்பு அது. விஜயா 1987-இல் இளவயதிலேயே மறைந்தார். 2006-இல் அந்த ஆமைக்குத் தனிப் பேரினம் வகுத்தபோது ஜெர்மனி, ஆஸ்திரியா நாட்டு ஆய்வாளர்கள் அதற்கு ‘விஜயாகீலிஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சிறு குறிப்பைப் பெரிய பதிப்பகத்து இதழ் எடுத்துக்கொண்டிருக்குமோ என்னவோ. இருபது வயதுகளில் இருந்த, பட்டங்கள் சேராத ஒரு பெண்ணின் கண்ணை நம்பி, உடனே அச்சிட்டு உலகத்துக்கு அனுப்ப நம் கரையில் ஒரு சிறிய மடல் இருந்தது. அந்த மடலை யாரோ தட்டச்சு செய்தார்கள், யாரோ பிரதி எடுத்தார்கள், யாரோ உறையில் முகவரி எழுதித் தபாலில் சேர்த்தார்கள். சிறிய இதழ்களின் பெருமையாக நான் நினைப்பது இதைத்தான்: சிறிய கவனிப்புக்கும் அங்கே இடம் உண்டு.

அந்த மரபில் இப்போது நம்மிடம் ‘இந்தியப் பெருங்கடல் ஆமைச் செய்திமடல்’ இருக்கிறது. 2005 முதல் வருவது; கடல் ஆமை ஆய்வாளர் கார்த்திக் சங்கர் முன்னின்று தொடங்கியது. முதலைப் பண்ணையும் தக்ஷிண் அறக்கட்டளையும் அதன் பின்னால் நின்றிருக்கின்றன. யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். தை, மாசி, பங்குனி இரவுகளில் நம் மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைப் பற்றி, அவற்றைக் காக்க இரவெல்லாம் கடற்கரையில் நடக்கும் மாணவர்களைப் பற்றி, இலங்கையிலும் மாலத்தீவிலும் நடப்பது பற்றி அதில் இருக்கிறது. கணித ஆய்வாளர்கள் ஆர். பாலசுப்பிரமணியனும் கே. ராமச்சந்திராவும் 1978-இல் தொடங்கிய ‘ஹார்டி–ராமானுஜன் ஜர்னல்’ ஆண்டுக்கு ஒரு முறை, ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 அன்று வருகிறது. அதுவும் இன்று எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆமையோ எண்ணோ, பொருள் எதுவானாலும், பின்னால் இருப்பது விடாப்பிடியான சிலரின் உழைப்பு.

படூர் வாசகர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர், அல்லது உங்கள் மாடியில் குடியிருப்பவர், பழைய மகாபலிபுரம் சாலையின் அலுவலகங்களில் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு வேலை செய்கிறீர்கள். உலகின் பெரிய பதிப்பகங்களுடைய இதழ்களில் கணிசமானவை சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் பிரதி திருத்தம் ஆகின்றன, பக்கம் கட்டப்படுகின்றன, எக்ஸ்.எம்.எல். ஆக மாறுகின்றன. ஓரத்தில் ‘ஏ.க்யூ. 1, ஏ.க்யூ. 2’ என்று கட்டுரையாளருக்கு நீங்கள் எழுதும் கேள்விகள் எத்தனை தவறான கூட்டல்களையும் மாறிப்போன படங்களையும் பிடித்திருக்கின்றன! கட்டுரையில் உங்கள் பெயர் வராது. ஹார்வர்டு பேராசிரியரின் அட்டவணையைச் சரிசெய்தவர் சிறுசேரிப் பேருந்தில் நின்றுகொண்டு வீடு திரும்புகிறார் என்பதை உலகம் அறியாது. இந்தப் பக்கமாவது பதிவு செய்யட்டும். உங்கள் கையிலுள்ள அந்தத் திறமை, ஆள் பற்றாக்குறையோடு நடக்கும் நம் சிறிய திறந்த இதழ்களுக்குப் பெரிய வரம். மாதம் ஒரு கட்டுரைக்கு நடை திருத்திக் கொடுத்தால் போதும்.

ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. திறந்த இதழ் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு, காசை வாங்கிக்கொண்டு, யாரும் படித்துப் பார்க்காமலே வெளியிடும் போலி இதழ்கள் நம் நாட்டில் நிறைய. மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று அழைப்பு வந்தால் ஒதுங்கிவிடுங்கள். நேர்மையான சரிபார்ப்பு மூன்று நாளில் முடியாது. ‘டி.ஓ.ஏ.ஜே.’ என்ற திறந்த இதழ்களின் அட்டவணையில் அந்த இதழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து, “நீங்கள் உண்மையிலேயே இதில் இருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். வழிகாட்டியின் அவசரத்துக்காகவோ பட்டத்தின் அவசரத்துக்காகவோ உங்கள் உழைப்பை அங்கே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

திருப்போரூர் மாணவிக்குச் சொல்கிறேன். அம்மா, மூவாயிரம் ரூபாய் கட்ட வேண்டாம். கட்டுரையின் தலைப்பைத் தேடி, எழுதியவரின் முகவரிக்கு மரியாதையாக நாலு வரி எழுதுங்கள். பெரும்பாலானோர் தம் பிரதியை மகிழ்ச்சியோடு அனுப்பி வைப்பார்கள். அதற்குள் இலவசமாகத் திறக்கும் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்குங்கள். காசில்லாமல் திறப்பதை யார் போடுகிறார்கள் என்று கேட்டீர்களே, அவர்களைத்தான் இவ்வளவு நேரம் உங்களுக்கு அறிமுகம் செய்தேன். இன்னும் சில வருடங்களில் நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த இதழிலிருந்து நம் பத்திரிகையில் ‘கண்டது’ என்று ஒரு பக்கம் தொடங்குகிறோம். தையூர் ஏரியிலோ, கேளம்பாக்கம் உப்பங்கழியிலோ, கோவளம் மணலிலோ நீங்கள் கண்ட பறவை, மீன், பூச்சி, செடி எதுவானாலும், கண்ட நாள், நேரம், இடம், படம் ஆகியவற்றோடு இருநூறு சொல்லுக்குள் தமிழில் எழுதி அனுப்புங்கள். துறை தெரிந்த ஒருவர் சரிபார்த்த பிறகே வெளியிடுவோம். திருத்தம் இருந்தால் உங்களுக்குக் கடிதமாக வரும்; மனம் தளராமல் திருத்தி மறுபடி அனுப்புங்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் வந்துசேரும் குறிப்புகள் முதல் ‘கண்டது’ பக்கத்தில் இடம்பெறும்.

அன்புடன்,
ஆசிரியர்
படூர்